துடைத்து வைத்த சனிக்கிழமை

ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்பதுதான் அவளுடைய பிழைப்பு. "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது, எழுத்து விழவில்லை, அம்புக்குறி நகரவில்லை என்று பதறிப்போய்க் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் உதவி மையம் அது. மூன்றாவது மாடியில் ஒரே நீள அறை, நாற்பது மேசைகள். அவளுடையது ஏழாம் மேசை. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எப்போதோ போய்விட்டது. "ஏழு" என்றால் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

கூப்பிடுகிறவர்கள் பலவிதம். மவுஸ் செத்துவிட்டது என்று அரை மணி நேரம் புலம்பிவிட்டு, கடைசியில் அதற்கு பேட்டரி உண்டா என்று கேட்டவர் ஒருவர். ஸ்கிரீன் தலைகீழாகிவிட்டதால் இரண்டு நாளாகக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே வேலை பார்த்த பேராசிரியர் ஒருவர். யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது, யாரிடமும் கோபப்படக் கூடாது. மேசைமேல் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள கேள்விகளை வரிசை பிசகாமல் கேட்க வேண்டும். எட்டு நிமிடத்துக்குள் அழைப்பை முடிக்க வேண்டும். எட்டைத் தாண்டினால் எதிர்ச் சுவரில் உள்ள பெரிய பலகையில் அந்த மேசையின் எண் சிவப்பாகிவிடும். உடனே மேற்பார்வையாளர் தலையை நீட்டுவார். அவருக்கு அந்த அறையில் வைத்த பெயர் கடிகாரம்.

இப்படிப் பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை போய்விட்டது. முதலில் சாயங்காலம் மட்டும் கரகரத்தது. பிறகு மத்தியானமே கட்டிக்கொண்டது. இப்போது காலையில் எழும்போதே குரல் பாதிதான் எழுகிறது. டாக்டர் ஒரு சின்னக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் புடைப்பு இருக்கிறது என்றார்.

"பேச்சைக் குறைச்சுக்கணும்மா."

"பேசினாத்தான் டாக்டர் எனக்குச் சம்பளம்."

"அப்படின்னா மத்த நேரத்துல குறைச்சுக்குங்க."

மற்ற நேரம் என்றால் வீடுதான். ஆகவே வீட்டில் அவள் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள், ரொம்ப அவசியமென்றால் சீட்டில் எழுதி நீட்டுவாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க முப்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்கு நாலு வார்த்தை பேச வேண்டும். சொன்னதற்கெல்லாம் இவள் தலையாட்டுவதைப் பார்த்து, "சரி, செவுத்துகிட்ட பேசுறதா நெனச்சுக்கிறேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் நாளாக ஆகச் சொல்வதையும் குறைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வந்தது. அதே நிறுவனத்தில், அதே கட்டடத்தில், ஒன்றாவது மாடியில் உதவிப் பக்கங்கள் எழுதும் பிரிவில் ஓர் இடம் காலி. கம்ப்யூட்டரில் எது நின்றுபோனால் என்ன செய்வது என்று படித்துத் தெரிந்துகொள்கிற மாதிரி எழுத வேண்டும். போன் கிடையாது. விண்ணப்பத்துடன் இரண்டு பக்கத்துக்கு ஒரு மாதிரிக் கட்டுரையும் அனுப்ப வேண்டும். கடைசி நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு வாரமாக எழுதி முடித்தாள். எழுதியது சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருக்கும் பழைய லேப்டாப்பில். அதற்கு வயது ஒன்பது. பேட்டரி செத்துப்போய் இரண்டு வருடமாகிறது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். அதனால் மடியில் வைக்க முடியாத மடிக்கணினியாக அங்கேயே கிடந்தது. கட்டுரை அதற்குள்ளே மட்டும்தான் இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவள், தனக்கு எடுத்து வைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் தொண்டை டாக்டரைப் பார்க்கப் போனவள், அங்கே கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, மருந்து வாங்கி, பஸ் மாறி வீட்டுக்கு வரும்போது மணி இரண்டரை. கதவைத் திறந்ததும் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நின்றாள். தரை பளபளத்தது. செருப்புகள் ஜோடி ஜோடியாக நின்றன. மின்விசிறியின் இறக்கைகளில் மூன்று வருடமாகப் படிந்திருந்த கறுப்புகூடக் காணாமல் போயிருந்தது. கணவர் சோபாவில் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று பேப்பருக்கு மேலே கண்ணை உயர்த்தினார். அவளுக்கு இருந்த அலுப்பில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேசை முன் உட்கார்ந்தாள். கடைசியாக ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான். அரை மணி நேர வேலை.

லேப்டாப்பைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. அடித்தாள். பெட்டிக்குள் ஒரு புள்ளிகூட விழவில்லை. மறுபடி அடித்தாள். காலியாகவே நின்றது. கீழே இருந்த தொடுபலகையில் விரலைத் தேய்த்தாள். அம்புக்குறி அசையவில்லை. நேற்றுக் காலை நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம்.

முதல் வேலையாக ஆஃப் செய்து ஆன் செய்தாள். அப்படியே இருந்தது. ஒயரைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் சொருகினாள். அப்படியே இருந்தது. கவிழ்த்துத் தட்டினாள், ஊதினாள், மூடித் திறந்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை. மணி மூன்றேகால். அவளுக்குத் தன் மேசையில் ஒட்டிய தாளின் பதினான்காவது வரி கண்முன் வந்தது. கீபோர்டும் தொடுபலகையும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் உள்ளே போர்டு போய்விட்டது என்று பொருள். பழுது பார்க்கும் நிலையத்துக்கு அனுப்பச் சொல்லவும். எத்தனை பேருக்கு அந்த வரியை வாசித்திருப்பாள். வாசித்ததும் மறுமுனையில் ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது.

கணவர் மெல்ல வந்து பின்னால் நின்றார்.

"என்னம்மா ஆச்சு?"

அவள் கையை உதறிக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். மறுபடி வந்தார்.

"ரொம்பக் கெட்டுப்போச்சா?"

தலையாட்டினாள். மூன்றாவது தடவை ஒரு டம்ளர் வெந்நீரோடு வந்து, அதை வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனார்.

அடுத்தவர் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் அவளுக்கு மூளை ஓடும். தன்னுடையது என்றதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றால், எட்டாம் மேசைக்காரரைக் கேட்கலாம். அவருடைய கனத்த குரலுக்காக எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடுகிற மனிதர். பதினோரு வருடமாகப் பக்கத்து மேசை. ஆனால் சனிக்கிழமை அவருக்கு வேலை நாள். வேலை நேரத்தில் எல்லாருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் திங்கட்கிழமை வா என்பான். வேறு வழியில்லாமல், தான் வேலை பார்க்கும் உதவி மையத்தின் எண்ணையே அழுத்தினாள். ஊழியர்கள் சொந்த வேலைக்கு அந்த எண்ணைக் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதனால் கணவரின் பெயரில் பதிவு செய்துகொண்டாள்.

உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றது ஒரு பெண் குரல். பிறகு ஒரு இசை. முடிந்ததும் மறுபடி முக்கியம், மறுபடி இசை. பதினோரு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்திருந்தும், காத்திருக்கிறவர்கள் காதில் என்ன ஓடுகிறது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆறாவது முறை வரும்போது தொலைபேசியைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. பத்தொன்பது நிமிடம் கழித்து எடுத்தார்கள்.

"வணக்கம், உதவி மையம். சொல்லுங்க, என்ன பிரச்சனை?"

ரேடியோவேதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான்தான் ஏழு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அழைப்புகளெல்லாம் பதிவாகின்றன என்பது நினைவுக்கு வந்து விழுங்கிக்கொண்டாள். எப்படியும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தாள்.

"கீபோர்டு வேலை செய்யல. தொடுற பேடும் வேலை செய்யல."

"புரியுதுங்க மேடம். ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

அவர் கண்டுபிடிக்கவில்லை.

"பண்ணிட்டேன். மூணு தடவை."

"இன்னொரு தடவை எனக்காகப் பண்ணுங்க மேடம்."

பண்ணினாள். அது விழித்துக்கொள்ளக் காத்திருந்தார்கள். மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. ஐம்பது அழைப்பைத் தாண்டியவனின் மூச்சு அது, அவளுக்குத் தெரியும். தாளின் வரிகள் ஒன்றொன்றாக வந்தன. ஒயர் சரியாகச் சொருகியிருக்கிறதா, தண்ணீர் எதுவும் கொட்டியதா, கீழே விழுந்ததா. அடுத்து என்ன கேட்பார் என்று தெரிந்துகொண்டே பதில் சொல்வது பெரிய வாதை. பதின்மூன்றாவது வரி முடிந்தது. பதினான்காவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் உடனே அதை வாசிக்கவில்லை.

"மேடம், அவசரமா ஏதாவது வேலை இருக்கா அதுல?"

"அஞ்சு மணிக்குள்ள ஒண்ணு அனுப்பணும்."

"ம்." தாளை ஒதுக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "கீழ வலது மூலையில சின்னச் சின்னதாப் படம் இருக்கும். என்ன தெரியுது?"

அவள் குனிந்து பார்த்தாள். "ஒரு விமானம்."

"ஸ்பீக்கர் படம் போட்ட பட்டன்ல விளக்கு ஏதாவது எரியுதா?"

எரிந்தது. குன்றிமணி அளவுக்கு ஒரு சிவப்பு.

"சரி, இது நான் கேக்க வேண்டிய கேள்வி இல்ல, இருந்தாலும் கேக்குறேன். கீபோர்டு செத்துப்போச்சுன்னா இணையத்தை நிறுத்துற அந்த விமானம் எப்படி ஆன் ஆகும்? சத்தம் எப்படி ஆஃப் ஆகும்? ரெண்டுக்கும் தனித்தனி பட்டன். யாரோ அமுக்கியிருக்காங்க. இன்னைக்கு வீட்ல யாராவது மெஷினைத் துடைச்சாங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவர் சமையலறை வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றார். "ஒரே தூசியா இருந்துச்சும்மா. ஈரத்துணிகூட இல்ல, நல்லாப் பிழிஞ்ச துணிதான். இடுக்கு இடுக்கா அழுத்தித் துடைச்சேன். நடுவுல அதுவா முழிச்சுக்கிட்டு என்னமோ கேட்டுச்சு. பயந்துபோய் அந்தப் பெரிய பட்டனைத் தட்டினேன். போயிடுச்சு. சரி, ஒண்ணும் ஆகலன்னு நெனச்சேன்."

போனில் அது முழுவதும் கேட்டிருக்க வேண்டும். ரேடியோ லேசாகச் செருமினார்.

"சாரை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். இப்ப ஏதாவது ஒரு எழுத்தை அமுக்கி, கையை எடுக்காம மூணு எண்ணுங்க."

அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பெட்டிக்குள் ஒரு புள்ளி விழுந்தது.

"விழுந்துச்சா? கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. கை நடுங்குறவங்களுக்காக ஒரு வசதி வெச்சிருக்காங்க. தெரியாமப் பட்டதை எல்லாம் எழுத்தா எடுத்துக்காது. அமுக்கிப் பிடிச்சாத்தான் எடுத்துக்கும். வலது பக்கம் ஷிஃப்ட்ட ரொம்ப நேரம் அழுத்திட்டா அது வேணுமான்னு கேக்கும், என்டரைத் தட்டினா ஆன் ஆயிடும். சார் துணியால அங்க நல்லா அழுத்தியிருக்காரு. இப்ப அதே ஷிஃப்ட்ட எட்டு செகண்டு பிடிச்சா ஆஃப் ஆயிடும்."

அவளுக்கும் தெரிந்த விஷயம்தான். எப்போதோ பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. தாளில் இல்லாததால் மறந்துபோயிருந்தது. எட்டு எண்ணினாள். கடவுச்சொல்லை அடித்தாள். புள்ளிகள் வரிசையாக ஓடின. உள்ளே போய், தொடுபலகையை நிறுத்தவும் திறக்கவும் உள்ள, விரலால் தேய்ப்பது போலப் படம் போட்ட பட்டனை அழுத்தியதும் அம்புக்குறி துள்ளியது. விமானத்தை அணைத்ததும் இணையம் வந்தது. சத்தத்தைத் திறந்ததும் இயந்திரம் டிங் என்று ஒரு குரல் கொடுத்தது. மணி நான்கு இருபத்தொன்று.

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

நன்றி என்று சொல்லப் போனாள். குரல் முற்றிலும் அடைத்துக்கொண்டு வெறும் காற்றுதான் வந்தது.

"தொண்டை ரொம்பக் கட்டியிருக்கு உங்களுக்கு. சூடாத் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

கட்டுரையைத் திறந்து படித்தாள். இரண்டு வாரமாகப் பார்த்துப் பார்த்து எழுதியது, இப்போது மேசையில் ஒட்டிய தாளைப் போலவே இருந்தது. திருத்துவதற்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. முதல் பத்தியை மட்டும் அழித்துவிட்டு, கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள் என்று நாலு வரி எழுதினாள். நான்கு நாற்பத்தொன்பதுக்கு அனுப்பினாள்.

அனுப்பிவிட்டு அப்படியே மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கணவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று கிசுகிசுத்தாள்.

"சொல்லலாம்னுதான் மூணு தடவை வந்தேன். நீ வாயத் திறக்கல. கோவத்துல பேசாம இருக்கியா, தொண்டை வலியில பேசாம இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கு."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. மேசைமேல் இருந்த அவர் கையை இழுத்துத் தன் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள். சோப்பு வாசனை அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றாவது மாடி வேலைக்கு எழுதிப் போட்டதை அதே கிசுகிசுப்பில் சொன்னாள். அவர் அசையாமல் கேட்டார்.

திங்கட்கிழமை காலை அறைக்குள் நுழைந்ததுமே பலகை கண்ணில் பட்டது. எட்டாம் எண்ணுக்கு நேரே சிவப்பு. சனிக்கிழமை மாலை ஒரே அழைப்புக்கு இருபத்தாறு நிமிடம். கடிகாரம் ரேடியோவின் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார்.

"பதினாலாவது வரி இருக்குல்ல? வாசிச்சிட்டு வெச்சிருக்க வேண்டியதுதானே?"

"வாசிச்சிருந்தா அந்தம்மா நல்ல மெஷினைக் கொண்டுபோய்க் கடையில போட்டிருப்பாங்க சார்."

"அது அவங்க பாடு. எழுத்துல விளக்கம் குடுங்க."

ஏழாம் மேசைக்காரி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சார், அந்தம்மா நான்தான்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். கடிகாரம் சிறிது யோசித்தார். "அப்படின்னா ஊழியர் சொந்த வேலைக்கு லைனை உபயோகிச்சது தனித் தப்பு. நீங்களும் விளக்கம் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். உண்மையைச் சொன்னதில் ஒருவருக்கு இருந்த தொல்லை இரண்டு பேருக்கு ஆனதுதான் மிச்சம்.

ரேடியோ அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நீயா?"

"ம்."

"பதினோரு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன். என் குரலைவிட உன் குரலைத்தான் அதிகமாக் கேட்டிருக்கேன். போன்ல அடையாளமே தெரியல. யாரோ வயசான அம்மான்னு நெனச்சுட்டேன்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நிறுத்தினார். "எப்பலேர்ந்து இப்படி ஆச்சு?"

"கொஞ்சம் கொஞ்சமா."

தினமும் பக்கத்தில் இருந்ததால்தான் அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அவளுக்கே தெரியவில்லையே. மணி ஒன்பது அடித்தது. இரண்டு பேரும் காதுமாட்டியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு முதல் அழைப்பு, பிரிண்டரிலிருந்து வெள்ளைத் தாள் மட்டும் வருகிறது என்பது. தாளில் உள்ளதைக் கேட்டாள். பிறகு தாளில் இல்லாததையும் ஒன்று கேட்டாள். ஒன்பது நிமிடம் ஆனது.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான் என்று மடித்து வைக்கப் போனவள், கீழே இன்னொரு பத்தி இருப்பதைப் பார்த்தாள். அவளுடைய கட்டுரையின் தொடக்கம் பிடித்திருந்ததாம். வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பிரிவுக்கு வந்து எழுதலாம். மீதி மூன்று நாள் பழைய மேசை. முழுச் சாப்பாடு கேட்டுப் போனவளுக்குத் தட்டில் பாதி வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் டாக்டர், பாதி குறைந்தாலே தொண்டை கொஞ்சம் தேறும் என்றார்.

முதல் செவ்வாய்க்கிழமை ஒன்றாவது மாடிக்குப் போனாள். ஆறு பேர், ஒரு ஜன்னல், விசைகளின் சத்தம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முதல் ஒரு மணி நேரம் காது விறைத்துப்போன மாதிரி இருந்தது. எங்கோ போன் அடிப்பதாக நினைத்து இரண்டு முறை கை காதுக்குப் போனது. ஸ்கேனர் திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது என்று எழுதச் சொன்னார்கள். எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது முதுகு வலித்தது, கண் எரிந்தது. ஆனால் நாள் முடிந்த பிறகும் கொஞ்சம் குரல் மிச்சமிருந்தது.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் சற்று நேரம் நின்றாள். பிறகு வெளியூரில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டாள். பேசி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது.

"ஏண்டி, நீயா? நல்ல நேரத்துல கூப்பிட்டே" என்றாள் அக்கா. "நம்ம வீட்டு டிவியில ரெண்டு நாளா சத்தமே வரல. யாரக் கேக்குறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

அவள் கண்ணை ஒரு முறை இறுக்க மூடித் திறந்தாள். நிறுத்தத்தின் பெஞ்சில் ஓரமாக இடம் இருந்தது. உட்கார்ந்துகொண்டாள்.

"அது கிடக்கட்டும்க்கா, அப்புறம் பாக்கலாம். முதல்ல நீ எப்படி இருக்கே, சொல்லு."